பட்டறை கேள்வி–பதில்: ஒரே எடை, ஆறு மடங்கு விறைப்பு

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "டைட்டானியம் இலேசானது என்பது பாதி உண்மை, மெக்னீசியத்தின் பக்கத்தில் வைத்தால் அது கனமான உலோகம்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. நான் பேராசிரியர் அல்ல. கோவையில் முப்பத்து நான்கு வருடம் டூல்ரூமில் நின்றவன். வெட்டி, கெடுத்து, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது ஒரு பங்கு. ஏன் கெட்டது என்று பிறகு புத்தகத்தில் தேடித் தெரிந்துகொண்டது ஒரு பங்கு. இரண்டையும் கலந்துதான் சொல்லப் போகிறேன்.

கேள்வி: கல்லூரிப் போட்டிக்காகச் சிறிய பந்தயக் கார் ஒன்று செய்கிறோம். எடைக்கு எடை பார்த்தால் டைட்டானியம்தான் மிக வலிமையானது என்கிறார்கள். பிரேக் மிதிக்கும் ஸ்டீயரிங்கைத் தாங்கும் சட்டத்துக்கும் டைட்டானியம் போடலாமா, மெக்னீசியம் போடலாமா? எது உசத்தி?
(பொறியியல் மாணவர், ஈரோடு)

தம்பி, முதலில் அந்த 'உசத்தி'யை மேசையை விட்டு எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டு எங்கே உட்காரப் போகிறது, எவ்வளவு சூட்டில் உட்காரப் போகிறது, பக்கத்தில் எந்த உலோகம் இருக்கப் போகிறது என்று தெரியாமல் எதற்கும் மார்க் போட முடியாது.

இருந்தாலும் எண்களைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பாத்திரம் நிறையத் தண்ணீர் இருந்தால் ஒரு கிலோ. அதே அளவு மெக்னீசியம் 1.74 கிலோ. அலுமினியம் 2.7. டைட்டானியம் 4.5. எஃகு 7.85. எஃகைத் தூக்கிப் பழகியவனுக்கு டைட்டானியம் இலேசாகத் தெரியும். அலுமினியத்தைத் தூக்கிப் பழகியவனுக்குத் தெரியாது. விளம்பரக்காரர்கள் எப்போதும் முதல் ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

பட்டறைகளில் அதிகம் புழங்கும் மெக்னீசியக் கலவை ஏ.இசட். 91. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: ஏ என்றால் அலுமினியம், 9 சதவீதம், இசட் என்றால் துத்தநாகம், 1 சதவீதம், மீதி மெக்னீசியம். டைட்டானியத்தில் அதிகம் புழங்குவது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்தது. கடையில் கிரேடு 5 என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். இழுத்துப் பார்த்தால் ஏ.இசட். 91 வார்ப்பு சுமார் 230 மெகாபாஸ்கலில் (பரப்புக்கு எவ்வளவு இழுவிசை என்று சொல்லும் அலகு) அறுந்துவிடும். கிரேடு 5 சுமார் 900 வரை தாங்கும். எடையால் வகுத்தாலும் டைட்டானியத்துக்குத்தான் வெற்றி. உங்கள் நண்பர்கள் சொன்னது இதுவரை சரி.

ஆனால் வலிமை என்பது அறுபடாமல் இருப்பது. விறைப்பு என்பது வளையாமல் இருப்பது. புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் ஒரு ஹாக்சா பிளேடைக் கொடுத்து, "இழுத்து அறு பார்க்கலாம்" என்பேன். முடியாது. "சரி, வளை" என்பேன். இரண்டு விரலில் வளைந்துவிடும். அதற்குப் பிறகு அவர்களுக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

விறைப்பைக் காட்டும் எண் மெக்னீசியத்துக்கு 45 கிகாபாஸ்கல் (ஒரு கிகா என்பது ஆயிரம் மெகா), அலுமினியத்துக்கு 70, கிரேடு 5 டைட்டானியத்துக்கு 114, எஃகுக்குச் சுமார் 205. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். நான்குக்கும் 26-ஐ ஒட்டித்தான் விடை வரும். முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்ட அன்று கால்குலேட்டரில் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து இன்னொன்றை இரவல் வாங்கினேன். நேராக இழுக்கும் கம்பியாக மட்டும் பயன்படுத்தினால், ஒரே எடையில் நான்கு உலோகமும் ஏறக்குறைய ஒரே விறைப்புதான்.

தகடாகப் போட்டு வளைக்கப் பார்த்தால் கதை மாறிவிடும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரே எடையில் ஒரு டைட்டானியத் தகடும் ஒரு மெக்னீசியத் தகடும் செய்தால், மெக்னீசியத் தகடு ஏறக்குறைய இரண்டரை மடங்கு தடிமனாக வரும். கணக்குப் போட்டால் விறைப்பு ஆறு மடங்கு. மடிக்கணினி மூடி, கேமராவின் உடல், கார் ஸ்டீயரிங் சக்கரத்தின் உள்சட்டம் ஆகியவை மெக்னீசியத்துக்குப் போனதன் ரகசியம் இதுதான். அங்கெல்லாம் தடிமனாக்க இடம் இருக்கிறது. அறுத்துவிடும் அளவுக்குச் சுமை இல்லை. போல்ட், எஞ்சினின் இணைப்புத் தண்டு, விமானத்தின் இறங்கு சக்கரக் கால் போன்றவற்றில் இடம் குறைவு, சுமை கொடூரம். அங்கே மெக்னீசியம் நிற்க முடியாது.

இனி உங்கள் கார். பிரேக் மிதியை மெக்னீசியத்தில் செய்யாதீர்கள். ஏ.இசட். 91 மூன்று சதவீதம் நீள்வதற்குள் உடைந்துவிடும். வளைந்து எச்சரிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. டைட்டானியத்தில் செய்தால் உங்கள் துறையின் ஆண்டுப் பணம் அந்த ஒரு மிதியிலேயே தீர்ந்துவிடும். 7075 என்ற வலுவான அலுமினியக் கலவையில் மிதியையும், 6061 என்ற அலுமினியக் கலவையில் சட்டத்தையும் செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மூன்றாவதைச் சொல்கிறேன் என்று கோபப்பட வேண்டாம்.

கேள்வி: பைக்கில் 'மேக் வீல்' என்கிறோமே, அது மெக்னீசியமா?
(மதுரை வாசகர்)

பெயர் மட்டும்தான். பந்தயக் கார்களில் ஒரு காலத்தில் நிஜமாகவே மெக்னீசியச் சக்கரங்கள் போட்டார்கள்; ஆங்கிலத்தில் சுருக்கி 'மேக்' என்றார்கள். சக்கரம் அலுமினியத்துக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. உங்கள் பைக்கில் இருப்பது அலுமினிய வார்ப்பு. சந்தேகம் இருந்தால் கடைசிக் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு கீசரைச் சர்வீஸ் செய்ய வந்தவர், உள்ளிருந்து பூச்சி தின்றதுபோல் இருந்த ஒரு கம்பியை எடுத்துக் காட்டி, "மெக்னீசியம் ராடு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார். மூன்றே வருடத்தில் கரைந்துபோகிற பொருளை ஏன் போடுகிறார்கள்? ஏமாற்று வேலையா?
(இல்லத்தரசி, திருச்சி)

இல்லை அம்மா, அந்த மனிதர் நேர்மையானவர். அந்தக் கம்பி கரைவதற்காகவே வைக்கப்பட்டது. தண்ணீருக்குள் இரண்டு உலோகங்கள் மின்தொடர்போடு இருந்தால், அவற்றில் எளிதில் எலக்ட்ரானை விடுவது தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். பொறியியலில் புழங்கும் உலோகங்களில் இப்படி விடுவதற்கு மெக்னீசியம்தான் முதல் ஆள். கீசரின் எஃகுத் தொட்டியில் அரிக்க வேண்டிய தண்ணீர் இந்தக் கம்பியைத் தின்றுவிட்டுத் தொட்டியை விட்டுவைக்கிறது. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் இன்னும் சீக்கிரம் தீரும். கம்பி முழுதாகத் தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால்தான் ஏமாற்றம்; அடுத்தது தொட்டி.

இதே குணம் பட்டறையில் எங்களுக்கு வினையாக வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு எந்திரத்துக்கு மெக்னீசிய வார்ப்பில் கியர் மூடி செய்து கொடுத்தோம். எடை குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எந்திரம் தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துக்குப் போனது. அழகாக இருக்கட்டும் என்று நான்தான் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டேன். ஒரு மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைப் பொடி. விரலால் தட்டினால் உதிர்ந்தது. போல்ட்டுகள் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியவைபோல் பளபளத்துக்கொண்டிருந்தன. மெக்னீசியம் அந்தப் போல்ட்டுகளுக்குக் கீசர் கம்பியாக வேலை பார்த்திருக்கிறது!

அதற்குப் பிறகுதான் படித்தேன். மெக்னீசியத்துக்கும் எஃகுக்கும் நடுவில் அலுமினிய வாஷர் போட வேண்டும், வார்ப்புக்கு மேல் நல்ல பூச்சு வேண்டும், தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கக் கூடாது. இன்னொன்று, கலவைக்குள்ளேயே இரும்பு கலந்திருந்தால் வெளியே போல்ட் தேவையில்லை, உள்ளிருந்தே அரிக்கும். ஏ.இசட். 91-இன் தூய வகையில் இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இரும்பு தேய்த்த அரத்தைத் துடைக்காமல் மெக்னீசியத்தில் தேய்த்தாலே மேற்பரப்பில் வினையை விதைக்கிறோம்.

டைட்டானியம் இதற்கு நேர் எதிர். காற்று பட்ட கணத்தில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் வளரும். கீறினால் மறுபடி வளரும். கடல்நீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் இருப்பதை அது அரிக்க வைக்கும். அதனால் மெக்னீசிய மூடியில் டைட்டானிய போல்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் என் வெள்ளைப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியத்துக்கும் பகைவர்கள் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் எஸ்.ஆர். 71 உளவு விமானத்தையும் அதன் முன்னோடிகளையும் பெரும்பாலும் டைட்டானியத்திலேயே கட்டியது. வெல்டு செய்த சில தகடுகள் கோடையில் செய்தவை மட்டும் சீக்கிரம் கெட்டன. குளிர்காலத்தில் செய்தவை நின்றன. தேடிப் பார்த்ததில், கோடையில் பாசி பிடிக்காமல் இருக்க நகராட்சி குடிநீரில் குளோரின் கூட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் தகடுகளைக் கழுவியிருக்கிறார்கள். கேட்மியம் பூசிய ஸ்பானரால் முறுக்கிய போல்ட்டுகள் சூடேறியபோது தலை தெறித்தன. ஸ்பானர்களை மாற்றினார்கள். கைப்பெட்டியில் இருக்கும் ஸ்பானரே எதிரியாகும் என்பதை இதைப் படிக்கும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கேள்வி: மெக்னீசிய வார்ப்புகளுக்குத் துளை போடும் ஆர்டர் வந்திருக்கிறது. தீப்பிடிக்கும் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். டைட்டானியம் என்றால் பயமில்லைதானே? இரண்டில் எது வெட்டச் சுலபம்?
(லேத் பட்டறை உரிமையாளர், ஓசூர்)

பயப்படுவது நல்லது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயப்பட வேண்டும்.

கட்டியான மெக்னீசிய வார்ப்பு சுலபத்தில் பற்றாது. ஓரிடத்தில் சூடு வைத்தால் அந்தச் சூடு கட்டி முழுவதும் பரவிவிடும். பற்றும் அளவுக்குச் சூடேற வேண்டுமானால் கட்டியே உருகும் நிலைக்கு, அதாவது 650 டிகிரிப் பக்கம் போக வேண்டும். பற்றுவது சீவலும் தூளும்தான். மெல்லிய சீவலுக்குச் சூட்டைக் கடத்திவிட இடமே இல்லை.

எங்கள் பட்டறையில் அப்படி ஒருமுறை பற்றியது. மழுங்கிய டிரில், அடியில் இரண்டு நாள் பெருக்காத சீவல். வெல்டிங் வெளிச்சம்போல் வெள்ளையாக, கண் கூசும்படி எரிந்தது. ஒரு பையன் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். போர்மேன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும், தீ வெடியாகும். சாதாரணக் கரியமில வாயு அணைப்பானும் உதவாது, அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கி எரியும். அதற்காகவே மணல் வாளி வைத்திருந்தோம். அள்ளிப் போட்டதும் பட்டென்று தெறித்தது. காரணம், அந்த வாளி இருந்த இடத்துக்கு மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே காய்ந்து தெரிந்த மணல் உள்ளே ஈரம். யாருக்கும் காயம் இல்லை, ஒருவரின் புருவம் மட்டும் கருகியது. அன்றிலிருந்து மணலை மூடி போட்ட டின்னில் வைத்தோம். நீங்கள் உலோகத் தீக்கென்றே வரும் 'டி' வகைத் தூள் அணைப்பான் இரண்டு வாங்கி, எந்திரத்திலிருந்து எட்டி எடுக்கும் தூரத்தில் மாட்டுங்கள்.

பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 1955 ஜூன் 11 அன்று பிரான்சில் லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று தடுப்பில் மோதிச் சிதறி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரின் உடல் மெக்னீசியக் கலவை. உயிர்களைக் குடித்தது பெரும்பாலும் சிதறிப் பாய்ந்த பாகங்கள்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த உடல் எரிந்துகொண்டிருந்தது.

டைட்டானியத்துக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? அதன் மெல்லிய சீவலும் தூளும் பற்றும். நைட்ரஜனில்கூட எரியும் உலோகம் அது. பற்றவைக்கும் வேலையை மழுங்கிய டூலே செய்துவிடும். சீவலைச் சேர விடாதீர்கள், இரண்டு உலோகத்துக்கும் தனித்தனி டின், தினமும் பெருக்கல்.

வெட்டுவதில் மெக்னீசியம்போல் சுகம் வேறில்லை. ஒரே அளவு உலோகத்தைச் சீவ மெக்னீசியத்துக்கு 1 பங்கு சக்தி என்றால், அலுமினியத்துக்கு 1.8, வார்ப்பிரும்புக்கு 3.5, மென் எஃகுக்கு 6.3. வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். கூலண்டே, அதாவது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவமே, இல்லாமல் வெட்டலாம். வேண்டுமென்றால் மினரல் ஆயில். தண்ணீர் கலந்த கூலண்டைத் தவிருங்கள், காரணம் மேலே சொன்னதுதான். டூல் கூர்மையாக இருக்கட்டும்; ஊட்டத்தை, அதாவது டூல் ஒரு சுற்றுக்கு முன்னேறும் அளவை, குறைத்துத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் தூள், தூள் என்றால் தீ.

டைட்டானியத்தில் என் முதல் அனுபவம் இருபது புஷ் (தண்டு உட்காரும் சிறு குழல்). ஒன்பது குப்பைக்குப் போயிற்று. எஃகு வெட்டும் வேகத்தில் ஓட்டினேன். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன டூல் முனை ஐந்து நிமிடத்தில் செக்கச் சிவந்து உதிர்ந்தது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. டைட்டானியக் கலவை சூட்டைக் கடத்துவதில் மகா கஞ்சன். அதன் கடத்துதிறன் 7 என்றால் மெக்னீசியக் கலவைக்கு 70 வரை, சுத்த அலுமினியத்துக்கு 237. வெட்டும்போது பிறக்கும் சூடு துண்டுக்குள்ளும் போகாது, சீவலோடும் போகாது. டூல் முனையிலேயே குடியிருக்கும். அது போதாதென்று, சுவர் மெல்லியதாக இருந்தால் டூலைக் கண்டு ஒதுங்கும், டூல் போன பிறகு திரும்பி வரும். அளவு எப்படி நிற்கும்?

கார்பைடு டூலுக்கு நிமிடத்துக்கு 50 மீட்டர் வேகத்தில் ஆரம்பியுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், ஊட்டத்தைக் குறைக்காதீர்கள். டூலை நடுவில் நிறுத்தி நின்ற இடத்தில் சுற்ற விடாதீர்கள், மேல்தோல் இறுகிவிடும். கூலண்ட் அருவிபோல் கொட்ட வேண்டும். மரை இடும்போது டைட்டானியமும் டைட்டானியமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடிக்காமல் தடுக்கும் வழவழப்புப் பசை தடவாமல் முறுக்கினால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். விலை சொல்லும்போது டூல் செலவைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். நான் போடவில்லை. அந்த ஒன்பது புஷ்ஷின் விலையை என் முதலாளி ஓய்வுபெறும்வரை சொல்லிக்காட்டினார்.

கேள்வி: டைட்டானியம் தோசைக்கல் விற்கிறார்கள். வாங்கலாமா?
(சென்னை வாசகி)

மலையேறுபவர்கள் வெந்நீர் வைக்க டைட்டானியக் கிண்ணம் நல்லது, தோசைக்கு அல்ல. சூட்டைப் பரப்பாத உலோகம் என்று மேலேதான் புலம்பினேன். அடுப்புச் சுடருக்கு நேர் மேலே கருகும், ஓரம் மாவாக இருக்கும். கடையில் 'டைட்டானியம்' என்று எழுதி விற்பவற்றில் பல, அலுமினியக் கல்லின் மேல் டைட்டானியம் கலந்த ஒட்டாப் பூச்சு அடித்தவை. உங்கள் மாமியாரின் இரும்புக் கல்லை எண்ணெய் தேய்த்துப் பழக்குங்கள்.

கேள்வி: விபத்தில் தொடை எலும்பு முறிந்து உள்ளே டைட்டானியக் கம்பி வைத்திருக்கிறார்கள். உடம்பிலேயே கரைந்துபோகும் மெக்னீசியத் திருகு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஏன் அதை வைக்கவில்லை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ஐயா, நான் வைத்தியன் அல்ல; உங்கள் காலைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எலும்பின் விறைப்பு, மேலே சொன்ன அதே அளவில், 10 முதல் 30. ஸ்டெயின்லெஸ் எஃகு 200-ஐ ஒட்டி. டைட்டானியம் 114. மெக்னீசியம் 45. எலும்பை விட மிக விறைப்பான கம்பியை வைத்தால் சுமை எல்லாம் கம்பி வழியாகப் போய்விடும். எப்போதும் இடுப்பிலேயே தூக்கி வைத்திருக்கும் குழந்தைக்குக் கால் பலப்படாது இல்லையா, அதுபோல் சுமை படாத எலும்பு மெலியத் தொடங்கும். எஃகை விட டைட்டானியத்துக்கு மதிப்பு வந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க் 1952-இல் தற்செயலாகக் கண்டார். முயல் எலும்புக்குள் டைட்டானியக் குழல் வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவர், ஆய்வு முடிந்து குழலை எடுக்கப் பார்த்தால் எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகு பொருத்திப் பல் கட்டினார். இன்று பல் மருத்துவமனைதோறும் நடப்பது அதுதான்.

மெக்னீசியத் திருகு பொய் அல்ல. இட்ரியமும் அருமண் தனிமங்களும் கலந்த மெக்னீசியத் திருகுக்கு 2013-இல் ஐரோப்பிய அங்கீகாரம் கிடைத்தது, ஜெர்மனியில் செய்தார்கள். மெக்னீசியம் நம் உடம்புக்குப் புதிதும் அல்ல. வளர்ந்த மனிதனுக்குள் சுமார் 25 கிராம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில்தான். கீசருக்குள் குறையாகத் தெரிந்த குணம் இங்கே வரமாகிவிட்டது. மறுபடி அறுத்துத் திருகை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கரையும்போது ஹைட்ரஜன் குமிழி வரும், எலும்பு கூடுவதற்கு முன் திருகு வலுவிழக்கக் கூடாது, கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கால் விரல் பக்கத்துச் சிறிய எலும்புகளுக்கு அது சரி. உங்கள் முழு எடையையும் நாள் முழுவதும் தாங்கும் தொடை எலும்பு வேறு கணக்கு. அங்கே 900 மெகாபாஸ்கல்காரன்தான் நிற்க வேண்டும்.

நாகர்கோவில்காரரிடம் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பாக மின்னும் மணல் இருக்கிறதல்லவா, அதில் பெரும்பங்கு இல்மனைட், டைட்டானியத்தின் தாது. 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் என்ற தோரியம் உள்ள கனிமம் இருப்பதைக் கண்டார். அதைத் தேடித்தான் அந்தக் கரைக்கு வந்தார்கள். உலகில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதில்லை; வெள்ளைப் பெயிண்டுக்குத்தான் போகிறது.

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளைக் கல்லில் மெக்னீசியம் இருக்கிறது என்று பள்ளியில் படித்தோம். அதிலிருந்து உலோகம் எடுத்து டைட்டானியத்தோடு போட்டி போடக் கூடாதா?
(சேலம் வாசகர்)

சேர்வராயன் மலையடிவாரத்து மாக்னசைட், அதாவது நீங்கள் சொல்லும் வெள்ளைக் கல், பெரும்பாலும் சூளைக்குத்தான் போகிறது. சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரி வரை உருகாது. எஃகு உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அதற்கு இணை இல்லை. மெக்னீசிய உலோகத்துக்கு அந்தக் கல் மட்டுமே வழி என்றும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் 1.3 கிராம் மெக்னீசியம் கரைந்திருக்கிறது. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டவ் நிறுவனம் கடல்நீரிலிருந்தே கட்டி எடுத்துவிட்டது. இன்று சீனா டாலமைட் என்ற மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறையைச் சுட்டு, பெரோசிலிக்கன் என்ற இரும்பு–சிலிக்கன் கலவையோடு கலந்து, வெற்றிடத்தில் 1,200 டிகிரிப் பக்கம் சூடாக்கி ஆவியாக எடுக்கிறது. உலகச் சந்தையில் பெரும்பங்கு அவர்களுடையது.

ஆனால் 'போட்டி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. டைட்டானியத்தைப் பெற்றெடுப்பதே மெக்னீசியம்தான்.

இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து எரித்தால் இரும்பு கிடைக்கும். டைட்டானியத் தாதுவை அப்படிச் செய்தால் கரியையும் சேர்த்துக்கொண்டு கார்பைடாகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விழுங்கி நொறுங்கிப் போகும். 1791-இல் இங்கிலாந்தில் கிரெகர் கண்ட தனிமம், நூற்றைம்பது வருடம் பட்டறைக்கு வராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் ஒரு வழி கண்டு 1940-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். தாதுவை முதலில் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்க வேண்டும். அதைச் சுத்தப்படுத்தி, காற்றில்லாத ஆர்கான் வாயுவில், உருகிய மெக்னீசியத்தின் மேல் விட வேண்டும். குளோரின்மேல் டைட்டானியத்தை விட மெக்னீசியத்துக்குப் பசி அதிகம். அது குளோரினைப் பிடுங்கிக்கொண்டு மெக்னீசியம் குளோரைடாகும். பின்னால் கடற்பஞ்சுபோல் துளைதுளையாக டைட்டானியம் நிற்கும். ஸ்பாஞ்ச் என்றே பெயர். ஒரு கிலோ டைட்டானியத்துக்குக் கணக்குப்படி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக மெக்னீசியம் தேவை. பிறகு அந்தக் குளோரைடை மின்சாரத்தால் பிரித்து மெக்னீசியத்தையும் குளோரினையும் மறுபடி உலைக்கு அனுப்புவார்கள். டைட்டானியத்தின் விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

கேரளத்துச் சவறாவில் 2011-இல் தொடங்கிய ஸ்பாஞ்ச் ஆலையிலும் மெக்னீசியத்தை வைத்துத்தான் டைட்டானியம் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 500 டன் திறன்; விண்வெளித் துறைக்காக வந்தது.

கேள்வி: பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளையாக, காந்தம் ஒட்டாத துண்டுகள் வருகின்றன. எது மெக்னீசியம், எது டைட்டானியம், எது அலுமினியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துண்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.
(திருப்பூர் வாசகர்)

தராசும் அளவு ஜாடியும் போதும். எடையைப் பாருங்கள், ஜாடியில் தண்ணீர் விட்டுத் துண்டை முழுக்கி எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள், வகுத்துவிடுங்கள். 1.8 வந்தால் மெக்னீசியக் கலவை, 2.7 என்றால் அலுமினியம், 4.4 அல்லது 4.5 என்றால் டைட்டானியம். ஓட்டை உடைசல் இருந்தால் காற்றுக் குமிழி போகக் குலுக்குங்கள்.

இரண்டாவது சோதனை வினிகர். துண்டை ஒரு மூலையில் சுரண்டி ஒரு சொட்டு விடுங்கள். மெக்னீசியம் என்றால் நுரைத்துக் குமிழி விடும். மற்ற இரண்டும் சும்மா இருக்கும். டைட்டானியம் என்று ஏறக்குறைய உறுதியானால் மட்டும் சாணைக்கல்லில் தொட்டுப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறி பறக்கும். அலுமினியத்தில் பொறியே வராது. வினிகரில் நுரைத்த துண்டைச் சாணைக்குக் கொண்டு போகவே கூடாது. கல்லில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். அதன் பொறி மெக்னீசியத் தூளில் விழுந்தால் என்ன நடக்கும் என்று ஓசூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய துண்டைக் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தேன்: 212 கிராம். ஜாடியில் 118 மில்லிலிட்டர் ஏறியது. வகுத்தால் 1.8. வினிகர் சோடாபோல் பொங்கியது. மெக்னீசியம்தான், ஏதோ கையில் பிடித்து ஓட்டும் மோட்டார் ரம்பத்தின் உறையாக இருந்திருக்க வேண்டும். பொட்டலத்துக்குள் ஒரு பிடி சீவலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள், தபால்காரருக்கும் குடும்பம் இருக்கிறது. சீவலைத் தனியாக அப்புறப்படுத்திவிட்டேன். துண்டு இப்போது ஆசிரியர் மேசையில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார். ஆனால் அது மிகவும் இலேசாக இருப்பதால் தாள் பறக்கிறதாம். அந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.